ஹாரனுக்கு ஒரு பல்பு

சங்ககிரி பைபாஸில் லாரிகளுக்கு நடுவே ஓர் அம்பாசடர் வந்து நின்றால், எலக்ட்ரீஷியன் மணியன் தலையைத் தூக்கிப் பார்க்கவே வேண்டாம். திருச்செங்கோட்டு வீரபாகுதான். எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. வெள்ளைப் பெயிண்ட் பழுத்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. இந்த மாதத்தில் இது நாலாவது தடவை.

"ஹாரன் அடிக்க மாட்டேங்குது சாமி" என்றார் வீரபாகு, கதவைத் திறப்பதற்கு முன்பே, அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் கேட்கிற குரலில். அவருக்குத் தன் குரலே கேட்காது. முப்பத்தொரு வருஷம் ரிக் வண்டியில், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று, மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் போர்வெல் போட்டவர். ஊரான் காட்டிலெல்லாம் தண்ணீர் வந்தது, இவருக்குக் காது போனது. காது மிஷினும் வைத்துப் பார்த்தார். இரைச்சல்தான் பெரிதாக வந்தது. கழற்றி பீரோவில் போட்டுவிட்டார்.

முதல் தடவை வந்தபோது கோளாறு நிஜமாகவே இருந்தது. ஸ்டீரிங் நடுவிலிருந்த ஹாரன் பட்டனைக் கழற்றினால், உள்ளே பித்தளைத் தகடு கரிபிடித்து, ஸ்பிரிங் துருவேறிக் கிடந்தது. மணியன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது ஸ்பிரிங் வைத்தான். கூடவே இண்டிகேட்டர் சுவிட்சையும் லைட் சுவிட்சையும் பிரித்துச் சுத்தம் செய்தான். இரண்டாம் தடவை ஒயரை மாற்றினான். மூன்றாம் தடவை ஹாரனையே மாற்றினான். இனி மாற்றுவதற்கு வீரபாகுதான் பாக்கி.

மணியன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பட்டனை அழுத்தினான். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் துள்ளியதில் பாதி டீ லுங்கியில் கொட்டியது.

"ஏனுங்கண்ணா, நல்லாத்தானே அடிக்குது?" என்று வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டான்.

வீரபாகு அந்த லுங்கியைப் பார்த்தார். "இங்க அடிக்குது. ஊட்டுக்கிட்டப் போனாத்தான் அடிக்க மாட்டேங்குது."

அவருடைய மனைவி ராஜம்மாள் இருந்தவரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. முன் சீட்டில் அவரை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். அவர் அடித்த ஹாரனுக்குச் சத்தம் வந்தால் அவர் தொடையில் ஒரு தட்டு. இண்டிகேட்டரை அணைக்க மறந்தால் இரண்டு தட்டு. பின்னால் பஸ்காரன் அடித்தால் கிள்ளு. வேறு ஏதாவது கோபம் இருந்தாலும் அந்தக் கிள்ளிலேயே வந்துவிடும். அவர் மட்டும் தனியாகக் கடைவீதிக்குப் போய்த் திரும்பினால், வீட்டுக் கேட் முன்னால் நிறுத்தி ஒரே ஒரு ஹாரன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து திறப்பாள்.

தை மாதம் மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் வந்தாள். அன்றைக்குக் கேட்டைத் திறந்தது யாரென்று அவருக்கு ஞாபகமே இல்லை.

இப்போது கேட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது அவர்தான். சாவியும் அவர் சட்டைப்பையில்தான். மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. சோறாக்குகிறார், கரண்ட் பில் கட்டுகிறார், நாளு கிழமை மறப்பதில்லை. ஆனால் வண்டி கேட் முன்னால் நின்றதும் கை தன்பாட்டுக்குப் பட்டனுக்குப் போய்விடுகிறது. அழுத்துவார், காத்திருப்பார். கேட் திறக்காது. 'சத்தம் வரலையாட்ட இருக்குது' என்று நினைத்துக்கொள்வார். அந்த ஒரு நினைப்பு இருந்தால்தான் காலைக் கீழே வைத்து இறங்க முடிகிறது. கோளாறு பட்டனில் என்றால் தாங்கிக்கொள்ளலாம். பட்டனில் இல்லை என்றால் அவர் எதைத் தாங்குவார்?

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பெங்களூரில் இருக்கிற மகன் சரவணக்குமாரிடம் சொன்னால் மறுநாளே வந்து வண்டியை விற்றுவிட்டு அப்பனைக் கையோடு கூட்டிப்போய்விடுவான். மணியனிடமும் சொல்லவில்லை.

மணியன் நல்லவன். நல்லவர்கள் செய்கிற உபத்திரவம் தனி. ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதிக் காட்டினான்: 'பல்பு ஒண்ணு வைக்கிறேன். ஹாரன் அடிச்சா எரியும்.'

வீரபாகு அட்டையைத் தள்ளிவிட்டார். "அதெல்லாம் எதுக்கு சாமி? பட்டனை மட்டும் பாரு."

பெரியவர் சங்கடப்படுகிறார் என்று மணியன் நினைத்துக்கொண்டான். லாரி ஓடுகிற ரோடு, காது கேட்காத மனுஷன், ஹாரன் அடித்ததா இல்லையா என்று தெரிய வேண்டாமா? ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, டேஷ்போர்டில் ஓட்டை போட்டு, குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு பல்பைப் பொருத்தினான். வேலை அவ்வளவு சுத்தம். பிறகு பானெட்டைத் திறந்து, வீரபாகுவின் கையைப் பிடித்து ஹாரன் மேல் வைத்து, டீக்கடைப் பையனை விட்டுப் பட்டனை அழுத்தச் சொன்னான். உள்ளங்கை அதிர்ந்தது. திறந்த பானெட்டின் ஓரமாக எட்டிப் பார்த்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் பல்பின் சிவப்பு தெரிந்தது. மணியன் அட்டையில் இன்னொரு வரி எழுதினான்: 'எரிஞ்சா சத்தம் வந்துருச்சு. நம்புங்க.'

வழியெல்லாம் வீரபாகு ஹாரனைத் தொடவில்லை. ரோட்டைக் கடந்த ஆட்டு மந்தைக்குக் கூட நின்று வழிவிட்டார். வீட்டுக்கு முன்னால் போய் நிறுத்தி இன்ஜினை அணைத்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இன்றைக்கு அடிக்கக் கூடாது என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

கை பட்டனுக்குப் போய்விட்டது.

பல்பு எரிந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் எரிந்தது. கேட்டில் அவர் காலையில் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

"ராஜம்மா" என்றார். "ஹாரன் அடிக்குது புள்ள. வெளிய வந்து பாரு."

அப்படியே ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். நெற்றிக்கடியில் பட்டன் அமுங்கியது அவருக்குத் தெரியவில்லை. தெரு முழுக்க ஹாரன் அலறியது. எதிர்வீட்டு அனிதா ஓடிவந்து தோளைப் பிடித்து நிமிர்த்திய பிறகுதான் அது நின்றது. அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலையில் மணியன் கடை திறக்கும்போது அம்பாசடர் வாசலில் நின்றது.

"அந்தப் பல்பைக் கழட்டிரு சாமி."

'எரியலைங்களா?' என்று மணியன் எழுதினான்.

"நல்லா எரியுது. கேட்டைத் தொறக்கத்தான் ஆளில்லை."

ராஜம்மாளின் காரியத்துக்குப் போய் அந்தக் கேட் வழியாக நடந்து வந்தவன்தான் மணியனும். பல்பைக் கழற்றினான். பிறகு பட்டனையும் பிரித்தான். பளபளவென்றிருந்த பித்தளைத் தகட்டை எடுத்து, இல்லாத கரியை உப்புத்தாளால் தேய்த்தான். அட்டையில் எழுதினான்: 'நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். பட்டன்ல கோளாறு இருக்குதுங்கண்ணா. சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது.'

வீரபாகு அதை இரண்டு தடவை படித்தார். "அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்று சொல்லி, அட்டையை மடித்துச் சாவியோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட் முன்னால் நிறுத்தினார். அழுத்தினார். டேஷ்போர்டில் பல்பு இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. காத்திருந்தார். 'சத்தம் வரலையாட்ட இருக்குது' என்று நினைக்கப் பார்த்தார். அட்டையை எடுத்து இன்னொரு தடவை படித்தும் பார்த்தார். அந்த நினைப்பு வரவில்லை.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்காமல், இடப்பக்கத்துச் சீட்டைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.