புனித லுப்பேர்த்தோவின் இடது அக்குள்

எங்கள் மோந்தெசோர்தோ ஊரைக் காக்கும் புனித லுப்பேர்த்தோவின் மரச்சிலைக்கு, இடது அக்குளில், என்ஜின் ஆயிலின் சூட்டைக் காட்டும் சென்சார் பொருத்தப்பட்டது 1979 செப்டம்பர் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அன்று சந்தையில் கத்தரிக்காய் கிலோ முந்நூறு லீரா. கொஞ்சம் முற்றல்.

சிலை எண்ணெய் கசிவது புதிய சங்கதி அல்ல. சிசிலியில் எண்ணெய் கசியாத புனிதரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எங்களுடையவர் இருநூறு வருடமாகத் திருவிழாவுக்குத் திருவிழா ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மலைப்பாதைக்குத் தார் போட்டு, அதில் கார் பந்தயம் தொடங்கிய வருடத்திலிருந்து அது கருப்பாக வர ஆரம்பித்தது. மறைமாவட்ட ஆயர் அனுப்பிய ஆள் வந்தார், விரலில் தொட்டு முகர்ந்தார், தாளில் ‘எண்ணெய்’ என்று எழுதினார், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அதோடு விசாரணை முடிந்தது.

பந்தயத்தில் எங்கள் பக்கம் ஓட்டியவள் ரொட்டிக்கடை திந்தாரா. பின்னால் என்ஜின் வைத்த குட்டிச் சிவப்புக் கார் அவளுடையது. 77இல் ஒன்பதாவது வளைவில் ஆயில் கொதித்து என்ஜின் இறுகிப்போனது. 78இலும் அதே கதை, அதே ஒன்பதாவது வளைவு. அந்த மாதிரி என்ஜின் செய்வதை அதற்குள் நிறுத்திவிட்டார்கள்; தீவு முழுக்கத் தேடி அவள் கொண்டுவந்த மூன்றாவதுதான் கடைசி. இதுவும் போனால் காரைத் தன் கோழிகளுக்குக் கூடாக விட்டுவிட வேண்டும் என்று அவள் அம்மா சொல்லி, கதவகலத்தை அளந்தும் வைத்துவிட்டாள். ஆயில் எப்போது கொதிக்கிறது என்று தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். தெரிவதற்கான சென்சாரும் மீட்டரும் இரண்டு வருடமாகப் பெட்டியிலேயே கிடந்தன. காரணம், அதை எங்கே மாட்டுவது என்பதில் எங்கள் ஊரின் இரண்டு மெக்கானிக்குகளுக்கும் ஒத்துப்போகவில்லை. இருவரும் மாமன் மச்சான் வேறு.

லிபோரியோவின் கட்சி, அடியில் இருக்கும் ஆயில் சேம்பர். “வேலை செஞ்சு களைச்ச ஆயில் எல்லாம் அங்கதான்டா வந்து படுக்குது. படுத்தவன் நெத்தியத் தொட்டாத்தானே காய்ச்சல் தெரியும்?” என்பான்.

வர்த்தோலோவின் கட்சி, ஆயில் ஃபில்டரின் தலை. “சேம்பர்ல மாட்டினா கீழ அடிக்கிற காத்து பட்டுப் பொய் சொல்லும், மச்சான். முதல் கல்லு தட்டினதும் சென்சாரும் போச்சு, ஆயிலும் போச்சு. பேரிங்குக்குள்ள போகப்போற ஆயிலோட சூடுதான் கணக்கு. வாயில வைக்கிறத விட்டுட்டுப் பிட்டத்துல வைக்கச் சொல்றியே!”

“உன் பிள்ளைக்கு எங்க வச்சுப் பார்த்தே?”

“அவன் கைக்குழந்தை!”

ஊர் இரண்டானது. சேம்பர்க்காரர்கள் ஒரு காப்பிக்கடை, ஃபில்டர்க்காரர்கள் ஒரு காப்பிக்கடை. ஒரு கல்யாணம் நின்றது. கடைசியில் திந்தாரா இருவரையும் சட்டையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப் போய், பாதிரியார் தோன் ஜெசுவால்தோ முன்னால் நிறுத்தினாள்.

“சாமி, இன்னிக்கு நீங்க ஒரு இடத்தச் சொல்லணும். இல்லேன்னா சென்சார நான் ரொட்டி மாவுல வச்சுச் சுட்டு இவனுங்களுக்கே ஊட்டிடுவேன்.”

பாதிரியார் யோசித்தார். “இந்த நாட்டுல காய்ச்சல எங்கம்மா பார்க்கிறோம்? அக்குள்ல.”

இதை யாராலும் மறுக்க முடியவில்லை. தெர்மாமீட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வளராத பிள்ளை எங்களில் யார்? என்ஜினுக்கு அக்குள் இல்லை என்றான் லிபோரியோ. எண்ணெய் வருகிற அக்குள் ஊரில் ஒன்றுதானே இருக்கிறது என்றான் வர்த்தோலோ. மற்றவன் ஜெயிக்கவில்லை என்ற நிம்மதியில் இருவரும் ஏணி கொண்டுவந்தார்கள். சென்சாரின் மரை, எண்ணெய் கசியும் துளைக்கு அச்சாகப் பொருந்தியது. செம்பு வாஷர்கூடப் போட்டார்கள். மீட்டரைப் பதக்கம் போலப் புனிதரின் கழுத்தில் தொங்கவிட்டு, பீடத்துக்குப் பின்னால் பழைய பாட்டரி ஒன்றை வைத்தார்கள். திந்தாரா வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, காரைக் கிளப்பிக்கொண்டு கோபமாக மலையேறினாள். முள் எழுந்தது. எண்பது, தொண்ணூறு, நூற்றிப்பத்து. அவள் இறங்கி வந்து சதுக்கத்தில் நிறுத்தியபோது அது மெல்லப் படுத்தது.

ஆகச் சூடு சரியாகத் தெரிந்தது. தெரிய வேண்டியவளுக்குத்தான் தெரியவில்லை. அதற்கும் வழி கண்டார்கள்: நூற்றிப்பத்துக்குக் கோயில் மணி ஒரு தடவை, நூற்றி இருபதுக்கு இரண்டு, நூற்றி முப்பதுக்கு மூன்று. மூன்று கேட்டால் காலை எடுத்துவிட வேண்டும்.

பந்தயத்தன்று ஊரே கோயிலுக்குள் நின்றது. சாலையோரம் ஒரு நாய்கூட இல்லை. வானொலி ஏழாவது வளைவில் திந்தாரா முதல் என்றது. இரண்டாவதாக வந்தவர் பக்கத்து ஊர் பிர்ரேராவின் வக்கீல். அந்த ஊரை நாங்கள் எதிலும் ஜெயித்ததில்லை, மூட்டைப்பூச்சியில் தவிர. மணி இரண்டு அடித்தாயிற்று. எட்டாவது வளைவில் முள் நூற்றி முப்பதைத் தொட்டது. பாதிரியார் கயிற்றைப் பிடித்தார், பிடித்தபடியே நின்றார்.

“அடிக்காதீங்க சாமி! இன்னும் மூணே வளைவு!”

“பிர்ரேராக்காரன் மூஞ்சிய நெனச்சுப் பாருங்க சாமி!”

அவர் நினைத்துப் பார்த்தார் என்பதுதான் வருத்தம். முள் நூற்றி முப்பத்தைந்து. புனிதரின் அக்குளிலிருந்து புகை வந்தது. அப்போது கூட்டத்தின் இரண்டு மூலையிலிருந்தும் லிபோரியோவும் வர்த்தோலோவும் முட்டி மோதி வந்து, பாதிரியாரின் கையோடு சேர்த்துக் கயிற்றைப் பற்றினார்கள்.

“அது கடைசி என்ஜின், சாமி. இழுடா மச்சான்!”

“இழுத்துக்கிட்டுதான்டா இருக்கேன்!”

மணி மூன்று அடித்தது. இருபது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த மூன்று முறைதான். மணி அடித்தது காதில் கேட்கவில்லை, கடைவாய்ப் பல்லில் கேட்டது என்றாள் திந்தாரா பிறகு. ஒன்பதாவது வளைவில் காலை எடுத்தாள். வக்கீல் கையாட்டிக்கொண்டே தாண்டினார், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். அவள் நான்காவதாக வந்தாள், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க. சதுக்கத்துக்கு வந்து இறங்கியதும் கோயிலுக்குள் போனாள், பாதிரியாரின் முகத்தைப் பார்த்தாள். “எத்தனை விநாடி யோசிச்சீங்க, சாமி?” என்றாள். அந்த வருடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய அவர் பிர்ரேராவுக்குப் போக வேண்டியிருந்தது.

திந்தாராவின் அம்மா கோழிகளுக்குப் பலகையில் கூடு அடித்துக்கொண்டாள். வக்கீல் இறந்து, பந்தயம் நின்று, லீராவும் போய்விட்டது. கார் இருக்கிறது. புனிதருக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுகிறோம், வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. திந்தாரா தினமும் காலையில் மலைமேல் வீடுகளுக்கு ரொட்டி ஏற்றிப் போகிறாள். வெளியூர்க்காரர்கள் மணி இரண்டு அடிப்பதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டு இல்லை, நூற்றி இருபது என்று சொல்வோம். இன்று ரொட்டிச் சுமை அதிகம் என்போம். சரி என்று கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு காப்பியைக் குடிப்பார்கள்.