மேற்கு வரிசையில் நின்ற கார்கள்

திருமயம் கோட்டைக்கு எதிரே வண்டி நிறுத்தும் காலியிடத்தில் ஐந்து மாதத்தில் ஒன்பது கார்களின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். எல்லாமே சனி, ஞாயிறுகளில், நல்ல பகலில். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்கள் சீட்டு முழுக்கக் கண்ணாடித்தூள் கிடப்பதைப் பார்ப்பார்கள். காவல் நிலையத்துக்கு வந்து லேப்டாப், கைப்பை, கேமரா என்று எழுதிக் கொடுப்பார்கள். வெளியூர்க்காரர்கள். ஒரு வாரம் போனில் விசாரிப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள்.

ஒன்பது மனுக்களும் ஏட்டு மணிமேகலையின் மேசைக்கு வந்தன. அவளுக்குச் சொந்த ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மனுக்களைப் படித்தவள், எழுதியிருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: வண்டியைச் சரியாக எந்த இடத்தில் விட்டீர்கள்? இருவருக்கு ஞாபகமில்லை. மற்ற ஏழு பேரும் மேற்கு ஓரத்தைச் சொன்னார்கள். ரோட்டை ஒட்டிய கிழக்கு வரிசையை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுடிதார் போட்டுக்கொண்டு அங்கே போனாள். மேற்கு ஓரத்தில், சொல்லி வைத்திருந்த ஒரு டிரைவரின் காருக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியைப் பத்து நிமிடம் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவுப் பிடியை இழுத்துப் பார்த்தாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். யாரும் என்னவென்று கேட்கவில்லை. பிறகு எதிரே இளநீர் விற்கும் அமுதவல்லியிடம் போய், தன்னைப் பார்த்தாளா என்று விசாரித்தாள். பார்க்கவே இல்லை என்றாள் அமுதவல்லி. இருபதடி தூரம்தான். ஆனால் நடுவில் ஒரு பிளக்ஸ் போர்டு நின்றது.

பதினைந்தடி அகலம் இருக்கும். கண்ணீர் அஞ்சலி போர்டு. அதில் நெற்றி நிறைய குங்குமத்தோடு சின்னப்பிள்ளை என்ற அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் சங்கத் தலைவர் உடையப்பனின் மனைவி. இறந்து எட்டு மாதம் ஆகிறது. உடையப்பன் கோட்டை வாசலில் தொப்பி, பொம்மை, தண்ணீர் பாட்டில் விற்கிறார். அவர் கல்லாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே அந்த முகம் தெரியும். வேண்டுமென்றே அப்படிப் பார்த்துத்தான் வைத்திருந்தார் என்று அமுதவல்லி சொன்னாள்.

மணிமேகலைக்கு இது சங்கடமாக இருந்தது. அனுமதி வாங்காத போர்டு. ஒரு நோட்டீஸ் கொடுத்தால் ஊராட்சி ஆட்கள் வந்து கழற்றிவிடுவார்கள். ஆனாலும் முதலில் அவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

உடையப்பன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். சங்கத்தில் கேமரா வைக்க முடிவாகியிருக்கிறது, அடுத்த மாதம் வந்துவிடும், அதோடு திருட்டு நின்றுவிடும் என்றார்.

"கேமரா வந்தாலும் இது மறைக்கத்தாண்ணே செய்யும்" என்றாள் மணிமேகலை.

அவர் போர்டைப் பார்த்தார். "முப்பது நாளைக்கின்னுதான் வச்சேன், ஏட்டம்மா. கழட்ட மனசு வரல. வீட்டுல இருக்க படத்துல அவ சிரிக்க மாட்டா."

மணிமேகலை ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டாள். ஆய்வாளரிடம் கேமரா வரப்போகிறது என்று மட்டும் சொன்னாள். சனி, ஞாயிறுகளில் ஒரு காவலரை அங்கே நிறுத்தினார்கள். இரண்டாவது வாரமே திருவிழா பந்தோபஸ்துக்கு அவரை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கோபிநாத்தின் கார் உடைபட்டது.

கோபிநாத்துக்கு விராலிமலைப் பக்கத்து ஊர். குவைத்தில் வெல்டர். விடுமுறை முடிந்து மறுநாள் சாயங்காலம் திருச்சியில் விமானம் ஏற வேண்டும். காரைக்குடியில் டிக்கெட் ஏஜெண்டைப் பார்த்துவிட்டு வாடகைக் காரில் குடும்பத்தோடு திரும்பும் வழியில், மகள் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அப்பா இனி இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார் என்பதால் இறங்கியிருக்கிறார்கள். டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். பாஸ்போர்ட், டிக்கெட், குவைத் அடையாள அட்டை எல்லாம் இருந்த பை பின்சீட்டில் கிடந்தது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மணிமேகலை வந்தபோது கோபிநாத் தரையில் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாள் தவறினால் வேலை போய்விடும் என்பதை மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னார். அவர் மனைவி தேவிப்ரியா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உடையப்பன் கடையிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டில்களோடு வந்தார். குழந்தைக்கு ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு, வண்டியை எங்கே விட்டிருந்தீர்கள் என்று தேவிப்ரியாவிடம் கேட்டார்.

அவள் கையை நீட்டினாள். "அந்தா, அந்த அம்மா படம் இருக்குல்லங்க, அதுக்குப் பின்னாடி. நெழலா இருந்துச்சுன்னு விட்டோம்."

உடையப்பன் கடைக்குத் திரும்பிப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து போர்டில் சாய்த்தார். அறுபத்திரண்டு வயது ஆள். அமுதவல்லி ஓடிவந்து, வேறு யாரையாவது ஏறச் சொல்வோம் என்றாள். அவர் கேட்கவில்லை. மணிமேகலை ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கயிறாக அறுத்தார். கடைசிக் கயிறு அறுந்ததும் போர்டு மடங்கிக் கீழே சரிந்தது. இறங்கி வந்து, முகம் உள்பக்கம் வரும்படி மடித்து, மண் படாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அன்று மணிமேகலை மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு நோட்டீஸ் கொடுத்திருந்தால் கோபிநாத் தரையில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஆய்வாளரிடம் போய் அதை ஒளிக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டார்.

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அமுதவல்லியின் இளநீர் வண்டி மேற்கு ஓரத்துக்குப் போனது. கடைகளுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளை எடுக்க வைத்தார்கள். வண்டியில் பையை விட்டுப் போகாதீர்கள் என்று உடையப்பனே ஒவ்வொரு காராகப் போய்ச் சொன்னார்.

பை மூன்றாம் நாள் கிடைத்தது. கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்தவர் எடுத்து வந்து நிலையத்தில் கொடுத்தார். பணம் இல்லை, பாஸ்போர்ட்டும் அட்டையும் இருந்தன. விமானம் போய்விட்டிருந்தது. கம்பெனியில் கெஞ்சிப் பேசி, பதினோரு நாள் கழித்து வேறு டிக்கெட் எடுத்து கோபிநாத் கிளம்பினார். ஒரு மாதச் சம்பளம் அதில் போயிற்று.

அடுத்த மாதம், கேமரா இன்னும் வந்திராத ஒரு சனிக்கிழமை, பைக்கில் வந்த இருவர் மேற்கு வரிசையில் ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்தார்கள். அமுதவல்லி அரிவாளைக் கீழே வைக்காமலே, யார் வண்டி அது என்று சத்தமாகக் கேட்டாள். அவர்கள் பைக்கைத் திருப்பினார்கள். அவள் நம்பரை மனதில் வைத்துக்கொண்டு மணிமேகலைக்குப் போன் போட்டாள். நான்கு நாளில் இருவரும் விராலிமலையில் பிடிபட்டார்கள். திருடிய லேப்டாப்களில் மூன்று மீட்கப்பட்டன.

விசாரணையில் மணிமேகலை, ஏன் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்தீர்கள் என்று கேட்டாள். அவர்கள் சொன்னதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் அவள் கோட்டை வாசலுக்குப் போனபோது உடையப்பன் கடைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பயல்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். பைக் கடனைக் கட்டத்தான் செய்தார்களாம் என்றாள்.

"போர்டப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

மணிமேகலை கொஞ்சம் தயங்கினாள். "சொன்னாங்கண்ணே. அதுக்குப் பின்னாடி நின்னா யாருக்கும் தெரியாதுன்னாங்க."

அவர் தலையை ஆட்டினார். சுற்றுலா வேன் ஒன்று வந்து நின்றது. எழுந்து, கதவைத் திறந்த டிரைவரிடம் பைகளைப் பற்றிச் சொல்லப் போனார்.