கொசு மருந்துக்காரர் வீட்டுப் புட்டி

முதுகு வெடிக்கத் தொடங்கியிருந்தது. கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்திருந்த அஞ்சலை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஹார்லிக்ஸ் புட்டித் தண்ணீரில் காற்புள்ளிபோல் வளைந்து மிதந்த கொசுக்கூட்டின் முதுகில் மயிரிழையாக ஒரு கீறல். அதற்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ பிதுங்கியது. எட்டு நாளாகப் பார்த்துவருகிறாள். புழுவாக இருந்தபோது தலைகீழாகத் தொங்கி வாலால் மூச்சுவிட்டதையும், புட்டியைத் தட்டினால் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்ததையும், நேற்று ஒன்று கொசுவாகிப் புட்டியின் கழுத்தில் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டதையும் பார்த்துவிட்டாள். அதன் கால்களில் வெள்ளை வளையல்கள். ஒரு காலுக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு விளையாட வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். கிடைக்கவில்லைதான், கிடைத்தாலும் இதைப்போல் இருக்காது.

கெட்ட நேரம், அவளுடைய அப்பா மருதப்பன் கொசு ஒழிக்கிறவர். சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சாக்கடைகளில் எண்ணெய் தெளிப்பது அவர் வேலை. அந்த வேலைக்காக அரசாங்கம் கொடுத்ததுதான், வரிசை வீடுகளில் ஒன்றான இந்த லயன் வீடு. தேங்கிய தண்ணீரில் புழு இருந்தால், ஊழியர் யாராக இருந்தாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அறுபத்தாறாம் வருடம் பிறந்ததுமே குழாயடிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதே அஞ்சலைதான்.

“எங்கடி இருக்க? இன்ஸ்பெக்டர் பக்கத்து வீட்டுக்கு வந்துட்டாரு, அப்பாவும் கூட வர்றாரு. தண்ணி டிரம்மெல்லாம் மூடியிருக்கான்னு பாரு!” என்றபடி வந்த அம்மா தங்கம் குனிந்து பார்த்தாள்.

“அடிப்பாவி! என்னடி இது?”

“ஒரே ஒரு நிமிசம்மா. இப்ப வெளிய வந்துரும்.”

தங்கம் புட்டியைப் பிடுங்கினாள். வாயைக் கட்டியிருந்த துணி கழன்று அஞ்சலையின் கையோடு வந்துவிட்டது. வெளியே கொட்டலாமென்றால் பக்கத்து வாசலில் ஆள் நிற்கிறது. புழுக்களைக் கொல்ல மண்ணெண்ணெய் டின்னை எடுத்து மூடியைத் திருகுவதற்குள் பூட்ஸ் சத்தம் நெருங்கிவிட்டது. பலகையில் உட்கார்ந்து, புட்டியை மடியில் இடுக்கிச் சேலையால் மூடி, அதன்மேல் அரிசி முறத்தை வைத்துக்கொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். தங்கத்துக்கு இருந்த இடத்திலேயே பயம்.

மருதப்பன் பின்னால் வர, இன்ஸ்பெக்டர் ஜலாலுதீன் டார்ச்சோடு நுழைந்தார். “மருதப்பன் வீட்டுல பாக்க என்ன இருக்கு? இருந்தாலும் ரூல்னா ரூல் லா.”

டிரம்மைத் திறந்து பார்த்தார். எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களுக்கு வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்தார்.

“அதுல உப்புப் போட்டிருக்கேன் சார், புழு வராது,” என்றார் மருதப்பன், கொஞ்சம் பெருமையாகவே.

வீடு போய்விடும், அப்பாவின் வேலை போய்விடும், எல்லாம் தன்னால்தான் என்று அஞ்சலைக்கு அழுகை முட்டியது. அப்போது முறத்துக்கும் சேலைக்கும் இடையிலிருந்து நேற்றுப் பிறந்த கொசு எழும்பி வந்தது. அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, எண்ணெய்ப் பம்பைப் பிடித்திருந்த அப்பாவின் முன்கையில் உட்கார்ந்தது.

மருதப்பன் குனிந்து பார்த்தார். வெள்ளை வளையல் போட்ட கொசுவை அவருக்கா தெரியாது? பதினோரு வருடமாக அதைத்தானே துரத்திக்கொண்டிருக்கிறார். அவர் பார்வை மனைவியின் முறத்துக்குப் போனது. அங்கிருந்து மகளின் கையில் கசங்கிய ஈரத்துணிக்கு வந்தது. தங்கம் அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வேற எங்கயும் தண்ணி இல்லையே, மருதப்பன்?” ஜலாலுதீன் நோட்டைத் திறந்து பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவினார்.

“இல்ல சார்.”

ஓர் அடி போட்டால் போதும், கொசு செத்துவிடும். அடித்தால் இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்ப்பார். மருதப்பன் கையை அசைக்கவில்லை. கொசு தலையைத் தாழ்த்திப் பின்னங்கால்களை மேலே தூக்கிக்கொண்டது. பேனா கிடைத்துவிட்டது, ஜலாலுதீன் எழுத ஆரம்பித்தார். அஞ்சலைக்கு அழுகை மறந்துபோயிற்று. தன்னை அறியாமல் ஓரடி முன்னால் வந்தாள். கொசுவின் வயிறு மெல்ல மெல்லப் பருத்து, அதற்குள் அப்பாவின் ரத்தம் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது.