ஓரெஸ்ட் சொல்லிக்கொடுத்த பொய்

க்ரோகஸ் ரிட்ஜில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. வண்டிச் சாவி வண்டியிலேயே தொங்கும். நீங்கள் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உங்கள் குளிர்பெட்டியிலிருந்து பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை எடுத்து வேகவைத்துத் தின்றுவிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட ஊரில் கணினியை மட்டும் பூட்டியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டவர் ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்.

ஓரெஸ்ட் ஆயுளில் பாதியைத் தானியக் கிடங்கின் மேலாளராகக் கழித்தவர். விவசாயிகள் கொண்டுவரும் கோதுமையைக் கையில் அள்ளி, மோந்து பார்த்து, "ஈரம் ஜாஸ்தி" என்று திருப்பி அனுப்புவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அள்ளுவதற்குக் கோதுமை இல்லை. ஆனால் எதையாவது சோதித்து யாரையாவது திருப்பி அனுப்பாவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு இணையம் வந்தது.

தானாக வரவில்லை. பெரிய கம்பெனிகள் எல்லாம் 'உங்கள் ஊரில் தலைகள் போதாது' என்று கையை விரித்துவிட்டன. மாடுகளையும் சேர்த்து எண்ணியிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். அதனால் ஊரே கூடி ஒரு கூட்டுறவு இணையச் சங்கம் ஆரம்பித்தது. காலியாகக் கிடந்த தானியக் கிடங்கின் உச்சியில் ஆன்டெனா ஏறியது. அதை ஏற்றியவள் ரோஷல் டெஜார்லே. சங்கத்தின் ஒரே தொழில்நுட்ப ஆள். சங்கத்தில் சேர்ந்தால் இணைப்பும் கிடைக்கும், சங்கத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கும் கிடைக்கும். பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் வேண்டும் என்று கேட்டபோது ஓரெஸ்ட் கையைத் தூக்கினார். மற்ற எல்லோரும் கையைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து சங்கத்தில் சேருவது, கடவுளின் ராஜ்யத்தில் சேருவதைவிடக் கஷ்டமாகிவிட்டது. முதலில், பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் அரங்கத்தில் அவர் நடத்தும் வகுப்பில் உட்கார வேண்டும். பிறகு அவர் வீட்டுக்கே வருவார். திரையைப் பார்ப்பார், விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டிப் பார்ப்பார், பாஸ்வேர்டு எழுதின துண்டுச் சீட்டு இருக்கிறதா என்று ரொட்டி டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பார். திருப்தியானால் கணினி நெற்றியில் ஒரு பச்சை ஸ்டிக்கர். இல்லையென்றால், "ஈரம் ஜாஸ்தி" என்கிற அதே பழைய முகம்.

நியாயமாகச் சொன்னால், அவர் வகுப்பில் ஒரு நல்ல விஷயமும் இருந்தது. பாஸ்வேர்டு மறந்துபோனால் கணக்கைத் திறக்க ஒரு ரகசியக் கேள்வி வைப்பார்களே, அதைப் பற்றியது.

"அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரு என்னன்னு கேக்கும். இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? கல்லறையில செதுக்கி வச்சிருக்கு. முதல் டீச்சர் யாருன்னு கேக்கும். ஊருக்கே ஒரே டீச்சர்தான், மிஸ் கோஸ்டெட்ஸ்கி. உங்க நாய் பேரு, உங்க மாடு பேரு எல்லாம் அத்தனை பேருக்கும் தெரியும். அதனால உண்மையச் சொல்லாதீங்க. பொய் சொல்லுங்க. கூசாம பொய் சொல்லுங்க!"

பாதிரியார் முன்வரிசையில் இருந்தார். இருமினார்.

போனில் யாராவது, அது பெற்ற பிள்ளையின் குரலாகவே இருந்தாலும், கணக்கு விவரம் கேட்டால் உடனே வைத்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. கணக்கு ரகசியத்தைப் புருஷன் பெண்டாட்டிகூடப் பகிரக் கூடாது என்பது நான்காவது விதி. கணக்கில் கோளாறு வந்தால் சங்கத்தின் கணினியில், கூட்டத்தின் முன்னால் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். செய்ய முடியாவிட்டால் அந்த வீட்டின் இணைப்பைத் துண்டித்து, பெயரைக் கடை வாசலில் ஒட்ட வேண்டும் என்பது அவருக்கே மிகவும் பிடித்த விதி. ரோஷல்கூடக் குறுக்கு வழியில் யார் கணக்கையும் திறந்துவிடக் கூடாது.

அவருடைய மனைவி ஸ்லாவ்கா இந்த விதிகளை எல்லாம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். ஊரிலேயே அவற்றை வரி தவறாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் அவள்தான். ஓரெஸ்ட்கூட அப்படிக் கடைப்பிடித்ததில்லை.

ஏனென்றால் ஓரெஸ்ட் ஒரு பனி தள்ளும் இயந்திரத்துக்கு ஆசைப்பட்டார். திரையில் அது தானாக வந்து நின்றது: 'வாழ்த்துகள்! உங்களுக்கே பரிசு!' சிவப்பு நிறம், முன்னால் விளக்கு வேறு. பெயரையும் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் போதுமாம், பரிசுக் கடிதம் மின்னஞ்சலுக்கே வருமாம். அவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. அதனால்தான் ஜாக்கிரதையாகத் தன் கணக்கைக் கொடுக்காமல் மனைவியின் கணக்கைக் கொடுத்தார்; பெயரை மட்டும் தன் பெயராகவே போட்டார். பாஸ்வேர்டை அவளிடம் கேட்கவில்லை. நான்காவது விதியை அவர் மீறுவாரா? அவள் தட்டும்போது தோளுக்கு மேலாகப் பார்த்து வைத்திருந்தார்.

ஸ்லாவ்கா தேவாலயப் பாடகர் குழுவோடு டாஃபின் நகரத்துக்குப் போன வெள்ளிக்கிழமைதான் இயந்திரம் வந்தது. அதாவது, அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. ஸ்லாவ்காவின் பெயரில் ஊருக்கும் மாகாணத்துக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் தொப்பை கரைக்கும் மாத்திரைக்கான விளம்பரம் ஆயிரக்கணக்கில் போயிற்று. பாதிரியாருக்கும் ஒன்று வந்தது. மனிதர் அதைச் சொந்த விமர்சனமாகவே எடுத்துக்கொண்டார். சனிக்கிழமைக்குள் வெளியுலகின் அஞ்சல் கம்பெனிகள் எல்லாம், க்ரோகஸ் ரிட்ஜிலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் வாங்க மாட்டோம் என்று கதவைச் சாத்திவிட்டன.

மெர்வின் கோர்ட்ஸனுக்குத்தான் வயிறு எரிந்தது. திங்கட்கிழமை அவருடைய காளைகள் ஏலம். காளைகளின் படங்களைக் கேட்டு ஆல்பர்ட்டா மாகாணம்வரை ஆட்கள் காத்திருந்தார்கள். படம் ஒன்றுகூட ஊர் எல்லையைத் தாண்டவில்லை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவர் ஊரையே கர்லிங் அரங்கத்துக்கு இழுத்து வந்துவிட்டார்.

"யாரோட கணக்குன்னு ரோஷல் சொல்லிட்டா, ஓரெஸ்ட். உன் வீடுதான். உன் விதிப்படி செய்யலாமா, இல்ல தலைவருக்குன்னு தனி விதி வச்சிருக்கியா?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்" என்றார் ஓரெஸ்ட் கம்பீரமாக. ஸ்லாவ்காவின் கணக்கைத் திறந்தாக வேண்டும், யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் அந்தப் பரிசுக் கடிதத்தை அழித்தாக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் தலைவர் பதவி போகும், இணைப்பு போகும், கடை வாசலில் பெயர் ஏறும். ஊரில் பாதிப் பேரின் பெயரை அங்கே ஏற்றியவர் அவர். "ஒரு பொறுப்பான உறுப்பினர் எவ்வளவு சீக்கிரம் சரி பண்றார்னு எல்லாரும் பாத்துக்குங்க."

திருடன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டிருந்தான். ஆகவே ரகசியக் கேள்வி. வகுப்புக்காக அவரே வாங்கிப் போட்ட புரொஜெக்டர் வழியாக அது சுவரெல்லாம் நிறைந்து நின்றது:

'உங்கள் முதல் காதல் யார்?'

அரங்கம் ஒருமுறை குலுங்கிச் சிரித்தது. ஓரெஸ்ட்டும் சிரித்தார். மூன்றே வாய்ப்புகள்தான், தவறினால் மூன்று நாளுக்குக் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று ரோஷல் எச்சரித்தாள். "மூணா? ஒண்ணு போதும்மா" என்று சொல்லித் தன் பெயரைத் தட்டினார்.

தவறு.

சிரிப்பு பட்டென்று நின்றது. யாரோ காப்பிக் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது.

"பொய் சொல்லச் சொன்னது நீதானேப்பா, அதான்" என்றார் மெர்வின். மெர்வினே பரிதாபப்பட்டு ஆறுதல் சொல்கிறார் என்றால் நிலைமை மோசம் என்று ஓரெஸ்ட்டுக்குப் புரிந்தது.

பின்வரிசையிலிருந்து மெர்வினின் அக்கா கார்னீலியா குரல் கொடுத்தாள். "பீட்டர் பிலஸ்ஸப் போட்டுப் பாரு. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஐஸ்ல கையக் கோத்துக்கிட்டுச் சுத்துவாங்களே."

அரங்கத்தின் பனித்தரையைப் பராமரிக்கும் பீட்டர் பிலஸ், முகம் சிவந்து எழுந்தார். "அவளுக்குச் சறுக்கத் தெரியாது. விழாம பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்!"

ஊர் முழுக்க இப்போது ஓரெஸ்ட்டின் விரலையே பார்த்தது. தட்டாவிட்டால் பயந்தவர் ஆவார். தட்டித் திறந்துகொண்டால் அதைவிடக் கேவலம். தட்டினார்.

தவறு.

வாழ்நாளில் ஒரு தோல்விக்காக அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பீட்டரும் அப்பாடா என்று உட்கார்ந்தார். ஆனால் மிச்சம் ஒரே வாய்ப்பு. வேறு வழியில்லாமல், அரங்கத்தின் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து ஸ்லாவ்காவை அழைத்தார்.

"ஸ்லாவ்கா, நான் ஓரெஸ்ட் பேசறேன். உன் மெயில் கணக்கோட ரகசிய பதில் அவசரமா வேணும்—"

டொக். வைத்துவிட்டாள்.

"விதிப்படி கரெக்ட்" என்றாள் ரோஷல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறுபடி அழைத்தார். "வச்சிடாத! நிஜமாவே நான்தான்!"

"எல்லா திருட்டுப் பயலும் அப்படித்தான் சொல்லுவான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார்" என்றாள் ஸ்லாவ்கா. பின்னால் குழுவின் பெண்கள் சிரிப்பது கேட்டது. "நம்பரும் எனக்குத் தெரியாத நம்பர். நீ ஓரெஸ்ட்தான்னா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. நான் கொயர்ல மேல்குரல் பாடறேனா, கீழ்க்குரலா?"

ஓரெஸ்ட் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டு நடக்கும்போதுதான் வழக்கமாக அடுத்த வகுப்பை மனதுக்குள் தயார்செய்வார். எதிரே ஊரே கட்டைவிரலைத் தரையைப் பார்த்துக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தது. கீழே, கீழே என்று. பாதிரியார் இரண்டு கையாலும் காட்டினார். ஓரெஸ்ட்டுக்கோ, தன் கதை முடிந்தது என்று எல்லோரும் சைகை காட்டுகிறார்கள் என்றே பட்டது.

"மேல்குரல்" என்றார்.

"தப்பு" என்றாள் ஸ்லாவ்கா. "அப்ப நிச்சயம் நீ ஓரெஸ்ட்தான். திருடனா இருந்தா விசாரிச்சு வச்சிருப்பான்."

அரங்கம் இடிந்து விழாதது ஆச்சரியம். மெர்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓரெஸ்ட் மட்டும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை வருடம் பக்கத்து அறையில் அவள் பாடிப் பழகியிருக்கிறாள். அவர் கதவைத்தான் சாத்தியிருக்கிறார்.

"பதில எழுதிக்கோ" என்றாள். "யாரும் இல்லை."

"என்னது?"

"கேள்வி என்ன? முதல் காதல் யாருன்னுதானே? 'யாரும் இல்லை'ன்னு போடு. திறக்கும்."

திறந்தது. சுவர் முழுக்க ஸ்லாவ்காவின் கடிதங்கள் விரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒன்று நின்றது: 'வாழ்த்துகள் ஓரெஸ்ட்! உங்கள் பனி தள்ளும் இயந்திரம் புறப்பட்டுவிட்டது!'

அழிப்பதற்கு அவர் கை போகவே இல்லை. ஊரார் வாசித்து முடித்தார்கள், இரண்டாம் முறையும் வாசித்தார்கள். ரோஷல் மளமளவென்று பாஸ்வேர்டை மாற்றி, குப்பையை நிறுத்தி, அஞ்சல் கம்பெனிகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். மெர்வின் தன் காளைகளைக் காப்பாற்ற வீட்டுக்கு ஓடினார். கடை வாசலில் ஓரெஸ்ட்டின் பெயர் ஏறியது. பதவி போயிற்று. ஆனால் நடந்து வீடு வந்து சேர்ந்தவருக்கு அந்த இரண்டும் ஞாபகத்திலேயே இல்லை.

'யாரும் இல்லை.' பொய்தான். பொய் சொல்லு என்று அவர்தானே சொன்னார்? அவள்தானே ஊரில் ஒரே ஒழுங்கான மாணவி? அது பொய்யென்றால் யாரோ இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ அவராகவும் இருக்கலாம். இந்தக் கணக்கை அவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் நம்பிக்கை மட்டும் வரவில்லை.

சாயங்காலம் ஸ்லாவ்கா வந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள், தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள், அரங்கத்தில் நடந்தது எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்றாள். கார்னீலியா போன் செய்திருந்தாள். பனி இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஸ்லாவ்கா" என்றார். "நீ போட்டிருந்தது... வகுப்புல நான் சொன்ன மாதிரி பொய்தானே?"

"கணக்கு விஷயத்தப் புருஷன்கிட்டகூடப் பேசக் கூடாது. நாலாவது விதி. நீ எழுதினதுதான்."

அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஊர் முழுக்கத் தெரிந்துபோன பதிலை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும் என்பதும் அவர் எழுதின விதிதான். அதே கேள்வி திரையில் வந்தது. இந்த முறை ஓரெஸ்ட் தோளுக்கு மேலாகப் பார்க்கவில்லை. தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள்.

"இப்ப என்ன போட்டே?" என்று கேட்டே விட்டார்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு, அவர் அப்படி நிற்பதைப் பார்த்து மனம் இளகியதோ என்னவோ, குரலைத் தாழ்த்தினாள். அது கீழ்க்குரல்தான் என்று அவருக்கு இப்போது நன்றாகவே கேட்டது.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ, ஓரெஸ்ட். முன்ன போட்டதும் இப்ப போட்டதும், ரெண்டுல ஒண்ணு பொய்."

எது என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி விழுந்து கிடந்தது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, மூலையிலிருந்த பழைய பனிவாரியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.