எட்டுப் பந்தில் ஒன்று

சர்க்கஸ் கூடாரத்தில் எட்டுப் பந்தை ஒரே நேரத்தில் காற்றில் சுழல விடத் தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான். நேற்று ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டார். உடனே முதலாளி எல்லோர் முன்னாலும், "வயசாயிடுச்சு, இனிமே வாசல்ல டிக்கெட் கிழிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். நாக்குக்கு நரம்பில்லை என்பதற்காக இப்படியா பேசுவது?

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஒன்றுதான். "எட்டுல ஒண்ணு கனமா இருக்கு."

"எது?"

"கையில வச்சா தெரியல. வீசும்போதுதான் தெரியுது."

அந்தப் பந்துகளுக்குத் தோல் வெட்டி, அரிசி நிரப்பித் தைத்தவள் நான். எல்லாம் ஒரே எடை என்று பார்த்த பிறகுதான் கடைசித் தையல் போடுவேன். யாரோ பிரித்துக் கைவைத்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்கவே வேண்டாம். கூட ஆடுகிற ஒல்லி, என் கணவர் இடத்துக்கு எப்போது வரலாம் என்று காத்துக் கிடக்கிறவன்.

காலையில் சமையல் கொட்டகையிலிருந்து காய்கறி நிறுக்கும் தட்டுத் தராசையும் எட்டுப் பந்தையும் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் மேசைமேல் வைத்தேன். என் கணவர் பின்னாலேயே வந்தார். "விடு, போகட்டும்" என்று முந்தானையை இழுத்தார்.

"இவன்தான் பந்துல கைவச்சிருக்கான்" என்று அங்கே நின்றிருந்த ஒல்லியைக் காட்டினேன்.

"அக்கா, நான் தொடவே இல்ல."

"அக்கான்னு கூப்பிடாத."

முதலாளி சிரித்தார். "கண்டுபிடிச்சுக் குடுத்தா இவன் இன்னிக்கே மூட்டை கட்டட்டும். உன் வீட்டுக்காரர் ஆடட்டும். ஆனா நாள் பூரா நிறுத்துக்கிட்டு இருக்காத. ரெண்டே தடவை."

"ரெண்டு போதும்."

இந்தத் தட்டில் மூன்று, அந்தத் தட்டில் மூன்று வைத்தேன். மீதி இரண்டை மேசையிலேயே விட்டேன். தட்டுகள் சமமாக நின்றால் கனமானது அந்த இரண்டில் ஒன்று. ஆனால் வலது தட்டு இறங்கியது. அப்படியென்றால் அந்த மூன்றில்தான் இருக்கிறது. மற்ற ஐந்தையும் ஒதுக்கினேன். மூன்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தட்டுக்கு ஒன்றாக வைத்தேன். தட்டுகள் சமமாக நின்றன. என் கையில் இருந்ததுதான் அது.

"பிரிச்சே காட்டுறேன்" என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வேணாம்" என்றார் என் கணவர்.

"இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்கப் போய்தான் எல்லாரும் உங்க தலையில மிளகா அரைக்கிறாங்க."

வெட்டுவதற்காகத் தையலைத் தேடினேன். என் தையல் வலமிருந்து இடமாகப் போகும். ஒல்லியும் வலது கைக்காரன்தான். இது எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. எங்கள் வீட்டுத் தலையணை உறை கிழிந்தால் இப்படித்தான் தைக்கப்படும். இந்தக் கூடாரத்திலேயே இடது கையில் ஊசி பிடிப்பவர் ஒருவர்தான்.

"என்னம்மா, ஒல்லி வேலைதானே?" என்று கேட்டார் முதலாளி.

ஒல்லியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தை என் கணவர் கையில் வைத்தேன்.

"நீங்களே சொல்லுங்க."

பந்து அவர் கையில் ஆடியது.

"நான்தான் மணல் போட்டேன்" என்றார். "கை நடுங்குது முதலாளி. பந்துமேல பழியைப் போட்டுடலாம்னு பாத்தேன். இவ ஒல்லியை இதுல இழுப்பாள்னு நினைக்கல."

"எப்போலேருந்து நடுங்குது?" இதைக் கேட்டது நான்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

அன்றிலிருந்துதான் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒல்லியிடம், "மன்னிச்சுடு தம்பி" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

"என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கொள்ளை?"

அவருடைய அந்தக் கையைப் பிடித்தேன். ஆறுதலுக்காக இல்லை, வலிக்கட்டும் என்றுதான் இறுக்கிப் பிடித்தேன். அப்போதும் அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.