டச்சிங் இல்லாத ஒரு படம்

குடியாத்தத்தில் எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்ட யாருக்கும் முகத்தில் அம்மைத் தழும்பு கிடையாது. மரு, மச்சம், கண்ணுக்குக் கீழே கருவளையம் எதுவும் கிடையாது. எல்லாம் என் பென்சிலோடு போய்விடும். வெளிச்சப் பெட்டிமேல் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவின பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவேன். பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுப்பாக விழும். தொழிலில் இதற்கு டச்சிங் என்று பெயர்.

பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையைச் செய்தவள் நான். பேர் மட்டும் என் வீட்டுக்காரர் நந்தகோபாலுக்கு. "அவர் எடுத்தா கறுப்பும் சிவப்பாயிடும்" என்று ஊரே சொல்லும். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொள்வார். நல்ல டச்சிங் என்றால் டச்சிங் செய்ததே தெரியக் கூடாது. அதனால் என்னையும் யாருக்கும் தெரியாது. இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

எண்பதுகளின் நடுவில், காட்பாடிக்குப் புதுசாகக் கரண்ட் என்ஜின் வர ஆரம்பித்திருந்த சமயம். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஏற்றுமதி பார்க்கும் வாஹித் பாஷா, ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். பேர் ஆல்டன். இங்கிலாந்தில் ஷூ தைக்கிற ஊர்க்காரர், தோல் வாங்க வந்தவர். ஆனால் பையில் தோல் சாம்பிளைவிட ஃபிலிம் ரோல்தான் ஜாஸ்தி இருந்தது. மனுஷனுக்கு ரயில் பைத்தியம்.

அவர் ஊர்ப் படங்களைக் காட்டினார். ஒன்றில் பச்சை பெயிண்டில் பளபளக்கிற கரி என்ஜின், பக்கத்து லைனில் மூக்கில் மஞ்சள் பூசின புது ரயில். அங்கே கரி என்ஜின் ஓடுவது நின்று பல வருஷமாம். இப்போது ஆசைக்காரர்கள் சேர்ந்து பழசைத் துடைத்து வைத்து ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டுகிறார்களாம். அதைப் படம் பிடிக்கவே வேலியோரம் நூறு பேர் நிற்பார்களாம். "இங்க ரெண்டும் தினமும் பக்கத்துப் பக்கத்துல நிக்குதுன்னா அவரால நம்பவே முடியல அண்ணி" என்றார் வாஹித் பாஷா.

காட்பாடியில் காலையில் விழுப்புரம் போகிற சின்ன லைன் பாசஞ்சர் கரி என்ஜினோடு நிற்கும். அதே நேரம் மெட்ராஸ் வண்டி கரண்ட் என்ஜினோடு பெரிய லைனில் வரும். இரண்டும் ஒரே படத்தில் வேண்டும் என்று ஆல்டன் மூன்று நாள் காத்திருந்தார். மூன்று நாளும் ஏதாவது ஒன்று லேட். நான்காம் நாள் அவருக்கு விமானம். அவர்கள் ஊர் ரயில் படச் சங்கத்தின் கண்காட்சிக்கு, நீங்கள் எடுத்து அனுப்புங்கள், எடுத்தவர் பேரைப் படத்துக்குக் கீழே போடுவோம் என்று கேட்டுக்கொண்டார். ஸ்டேஷனில் படம் எடுக்க வாங்கிய அனுமதிக் கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்றார்.

சரி என்றவர் காலண்டரைப் பார்க்கவில்லை. அந்த வாரம் பூராவும் முகூர்த்தம். ஒரு நாள்கூட அவருக்கு ஒழியவில்லை.

"நான் போறேன்" என்றேன். அவர் வெளியே போன நேரத்தில் பாஸ்போர்ட் சைஸ் படமெல்லாம் எடுப்பவள் நான்தானே.

"நீ இன்னா, ரயிலுக்கு எதிர்ல போய் நிப்பியா?"

"ரயிலு என் எதிர்ல நிக்கும். நீங்க தாலி கட்றத ஒழுங்கா எடுங்க."

யாஷிகாவைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் காட்பாடி போனேன். அந்தக் கேமராவில் மேலே குனிந்து பார்க்கிற கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது பரவாயில்லை. ஓடி வருகிற ரயிலுக்கு மகா பேஜார். கண் ஒரு பக்கம் சொல்லும், கை இன்னொரு பக்கம் போகும்.

கரி என்ஜின் டிரைவர் எட்டிப் பார்த்து, "எந்த பேப்பருக்கும்மா?" என்றார். "பேப்பருக்கு இல்லண்ணே, சீமைக்கு" என்றேன். அவ்வளவுதான். எண்ணெய்ப் பஞ்சை எடுத்து முகத்தைத் துடைத்தார். இருந்த கரியோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. பேர் தனகோடி என்றார்.

மெட்ராஸ் வண்டி வந்தது. தனகோடி அந்தப் புது என்ஜினை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சம்பந்தி வீட்டாரைப் பார்க்கிற மாதிரி. அந்த நொடியில் அழுத்தினேன். ரோலில் இருந்த பன்னிரண்டு படத்தில் அந்த ஒன்றுதான் படம்.

கழுவி எடுத்ததும் எனக்கே கர்வமாக இருந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். பழகின கை சும்மா இருக்குமா? மத்தியானம் பூராவும் உட்கார்ந்து தனகோடி முகத்துக் கரியை எடுத்தேன். வேர்வைக் கோடு, என்ஜின் வயிற்றில் எண்ணெய் வழிசல், எல்லாவற்றையும் எடுத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மாப்ள மாதிரி இருக்காரு" என்றார். ஒரு பிரதி இங்கிலாந்துக்கு, ஒரு பிரதி தனகோடிக்கு.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வாஹித் பாஷா படித்துச் சொல்லத் தயங்கினார். படம் அருமையாம். ஆனால் டிரைவர் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போல் இருக்கிறாராம். நெகட்டிவில் கை வைத்த படத்தைச் சங்கம் ஏற்காதாம். கை வைக்காத பிரதி இருந்தால் மாதக் கடைசிக்குள் வர வேண்டும், இல்லையென்றால் மன்னிக்கவும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரில் என் டச்சிங்குக்குத் தவம் கிடக்கிறார்கள், இவர்களுக்கு அது குற்றமாம்! ஆத்திரம் அடங்கினதும் நெகட்டிவை எடுத்து வெளிச்சப் பெட்டிமேல் வைத்தேன். இருப்பது ஒரே நெகட்டிவ். சில இடங்களைப் பிளேடால் சுரண்டியும் டச்சிங் செய்வதுண்டு; அப்படிச் சுரண்டாமல் பென்சிலோடு நிறுத்தியிருந்தேன், அது என் நல்ல காலம். டர்பன்டைனில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பென்சில் போகும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் கீறல் விழுந்து படமே போகும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். பிரின்ட் போட்டபோது தட்டில் மருந்துத் தண்ணீருக்குள் அந்த முகம் மெல்ல ஏறி வந்தது. கரி, வேர்வை, இரண்டு கண். புது என்ஜினைப் பார்த்து, நானும் இருக்கிறேன் என்கிற அந்தப் பார்வை. இதையா நான் அழித்தேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அவர் முகம் அது. கேட்காமல் அனுப்ப மனசு வரவில்லை. பிரதியோடு மறுபடி காட்பாடி போனேன்.

தனகோடிக்கு முகம் மாறிப்போச்சு. "முதல்ல குடுத்தத ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன்மா. இந்த மூஞ்சிய சீமைக்கு அனுப்புவியா? வேணாம்."

"அண்ணே, அந்தப் படத்துல இருக்கற ஆளு ரயில் ஓட்டமாட்டாரு. பொண்ணு பாக்கத்தான் போவாரு. இது ஓட்ற ஆளு."

அவர் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்ஜினில் ஏறிக்கொண்டார். கொடி காட்டியாயிற்று, வண்டி நகர்ந்தது. போச்சு என்று நான் திரும்பினபோது மேலேயிருந்து கத்தினார்: "அனுப்பும்மா! பேரு மட்டும் கரெக்டா போடச் சொல்லு. டிரைவர் தனகோடி!"

கண்காட்சியில் அதை நடு இடத்தில் மாட்டினார்களாம். ஆல்டன் அச்சடித்த பட்டியலை அனுப்பியிருந்தார். 'டிரைவர் தனகோடி, காட்பாடி. படம்: மனோரமா, குடியாத்தம்.' என் வீட்டுக்காரர் அதை நாலு தரம் படித்தார். "ஸ்டூடியோ பேரு போடலியா?" என்றார். "போடல" என்றேன். அப்புறம் அவரே ஸ்டூலைப் போட்டு ஏறி, கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி அதைச் சுவரில் மாட்டினார்.

அடுத்த வாரம் தனகோடி குடும்பத்தோடு வந்து இறங்கினார். பெண்டாட்டி சுந்தரி பட்டுச் சேலையில், பிள்ளைகள் புதுச் சட்டையில். அவர் மட்டும் டியூட்டி முடிந்த கையோடு கரியும் எண்ணெயுமாக. "குளிச்சிட்டு வான்னு தலப்பாடா அடிச்சிக்கினேன், கேக்கல" என்று சுந்தரி என்னிடம் புலம்பினாள். தனகோடி சிரித்துக்கொண்டே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கேமராவிடம் போனார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார்," என்றார் தனகோடி. "தங்கச்சி எடுக்கட்டும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். பிறகு விலகிப் போய் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து ஃபோகஸ் பார்த்தேன்.

"மனோ, லைட்டு இங்க போதுமா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து தொழிலில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டாங்க" என்றேன். கொண்டுவந்தார்.