மூக்கன் வீட்டு மூக்கு

பிரிக்பீல்ட்ஸ் மருத்துவக் கருவிக் கடையில் நான்காவது மாஸ்க்கையும் கழற்றி மேசைமேல் போட்டபோது சுகுமாறனுக்கு அழுகையே வந்துவிட்டது. போர்ட் கிள்ளானிலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டுகிற ஆள், உள்ளங்கை அகல ரப்பரிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் கண்டுபிடித்து மூன்று மாதமாகிறது. இரவெல்லாம் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபேப் மெஷினும் வாங்கியாயிற்று. மெஷின் தங்கமான மெஷின். அதன் குழாயை முகத்தோடு சேர்க்கிற மாஸ்க்தான் பிடித்த சனியன். ஒழுங்காகப் போட்டுத் தூங்கியதாக மெஷின் காட்டினால்தான் டாக்டர் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போடுவார். அதுவரை லோரி ஓட்டக் கூடாது. மனுஷன் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

கோளாறு மூக்கில்தான். நடுவில் ஒரு மேடு, அதற்கடியில் ஒரு வளைவு, கீழே வந்ததும் சப்பை. அப்பா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அவர்கள் ஊரான சுங்கைவேயில் ‘மூக்கன் வீடு’ என்று கேட்டால்தான் ஆட்கள் வழி காட்டுவார்கள். சின்ன மாஸ்க் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணுக்குள் காற்றடித்தது. பெரியது கன்னத்தோரம் புஸ்ஸென்றது. வாரை இறுக்கிக் கட்டினால் காலையில் மூக்குத்தண்டில் புண்.

“ஏங்க, ஒங்க கொறட்டையே பரவால்ல லா. இது டயர் பஞ்சரான மாதிரில கேக்குது,” என்றாள் மனைவி லெட்சுமி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கடையில் மாஸ்க் பொருத்திப் பார்க்கும் ஷாமினி பொறுமைசாலி. அவளே இன்று பெருமூச்சு விட்டாள்.

“அங்கிள், ஒங்களுக்கு ஏத்தது ஒன்னு இருந்துச்சு. மேட்டுல படாம கீழேருந்து தாங்குற மாடல். இப்ப கம்பெனி நிறுத்திட்டாங்க. போன வருஷம் கிள்ளான்லேருந்து ஒரு ஆன்டி வந்து இருந்த ரெண்டையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கும் சேம் மூக்கு அங்கிள்.”

சுகுமாறன் பெயர் கேட்கவில்லை. கிள்ளானில் அந்த மூக்கு ஒரே ஒரு முகத்தில்தான் இருக்கிறது. அக்கா மாரியாயி.

அவளோடு பேச்சு நின்று நான்கு வருஷம். அக்கா மகன் குருவின் கல்யாணத்துக்கு முதல் தாம்பூலம் தாய்மாமனுக்கு என்று அக்காவும் அத்தானும் தட்டோடு வந்தார்கள். லெட்சுமி வேலைக்குப் போயிருந்தாள். இவர்தான் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள், கொண்டுவந்த தட்டையே தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார்கள். பிறகு பத்திரிகையை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் ஒன்றுவிட்ட சித்தப்பா பெயர்கூட இருந்தது, தாய்மாமன் பெயர் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு மானமுள்ளவன் எவன் போவான்? அவர் போகவில்லை.

இப்போது அவள் வாசலிலேயே போய் நிற்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ரயில் ஏறினார். வழியில் அசந்துபோய், கிள்ளானைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தார். அந்தக் கடுப்பு வேறு.

கதவைத் திறந்த அக்காவின் மூக்கில் ஒரு தழும்புகூட இல்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

“மாஸ்க் பாக்க வந்தேன். ஒறவு கொண்டாட வரல.”

மாரியாயி உள்ளே போய், அலமாரியிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள்.

“கட்டில்ல படு. உக்காந்துகிட்டு அளவு பாத்தா படுத்ததும் நழுவிடும்.” தன் மெஷினின் குழாயைப் புது மாஸ்க்கில் மாட்டி அவர் முகத்தில் வைத்தாள். அவர் கை பழக்கத்தில் வாருக்குப் போனது. “இறுக்காதடா, விடு. இறுக்க இறுக்கத்தான் காத்து ஒழுகும்.”

காற்று வந்தது. கண்ணில் அடிக்கவில்லை, கன்னத்தில் சீறவில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக மூச்சு நிம்மதியாகப் போய் வந்தது. அவருக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“இது யாருக்கு வாங்குனது?”

“இந்த மூக்கு வேற எவனுக்கு இருக்கு? மாடலை நிறுத்தப் போறாங்கன்னு சொன்னாங்க, ரெண்டா வாங்கிட்டேன்.”

“ஒரு வருஷமாவா வச்சிருக்க? ஒரு போன் அடிக்கத் தெரியாதா? எனக்கு இந்த வியாதின்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“நீதான்டா காட்டுன.” அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அன்னிக்கு ஒங்க அத்தான் தாம்பூலத் தட்டை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, நீ கொறட்டை விடுற. பேசிக்கிட்டு இருக்கும்போதே. மதிக்காதவன் பேரை போட மாட்டேன்னு அவரு ஒத்தக் கால்ல நின்னாரு. எனக்கும் கோவம். போன வருஷம் டாக்டர் எனக்கே இந்த வியாதியச் சொன்னப்பதான் புரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு ஒனக்கு போன் அடிக்கிறது?”

தூங்கியது சுகுமாறனுக்கே தெரியாது. அப்படியானால் நான்கு வருஷமாக யார்மேல் கோபம்?

“எழுப்பியிருக்கலாம்லக்கா,” என்றார். “தோளைத் தட்டி எழுப்பியிருக்கலாம்ல.”

மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த மாஸ்க்கை வாங்கி, மறுபடியும் அந்த மூக்கில் பார்த்துப் பார்த்துப் பொருத்தினாள்.

“இப்ப தூங்கு. சோறாக்கிட்டு எழுப்புறேன்.”